ஆறு வோல்ட்

ஜகதேவி குவாரியில்
டீசல் பீப்பாய்களுக்குப் பின்னால் கிடந்தது.
எடைக்குப் போட்டால் இருபதாயிரம் பெறும்.
"பர்மாவுல குண்டு வாங்குன வண்டி மேடம்" என்று
முகப்புத் தகட்டில் ஓர் ஓட்டையைக் காட்டினார்
முனிவெங்கடப்பா.
என் சுண்டுவிரல் அதில் நுழைந்தது.
ஓட்டைக்குத் தனியாக
இருபத்தைந்தாயிரம் கொடுத்தேன்.

பகலில் நான் மின்வாரியக் கணக்கீட்டாளர்,
வீடு வீடாக யூனிட் எழுதுகிறவள்.
இரவில் பழையபேட்டை,
இனாயத்துல்லாவின் வெல்டிங் பட்டறை,
உப்புத்தாள், மண்ணெண்ணெய், கொசு.

முதலில் உரிந்தது குவாரியின் மஞ்சள்.
அதற்கடியில் யாரோ காண்ட்ராக்டரின் நீலம்.
அதற்கடியில் ஒரு கட்சி;
எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன்,
சம்பளம் வாங்குகிறேன்.
பிறகு வெள்ளை. வெள்ளையில் கறுப்பாக
"லேரியா ஒழி."
கொசுவோடு மோதியதும் போர்தானே
என்று குறித்துக்கொண்டேன்.
எல்லாவற்றுக்கும் கீழே
பச்சை.
உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு
பேசாமல் டீ குடித்தோம்.

மறுநாள் இனாயத்துல்லா
பன்னிரண்டு எம்.எம். டிரில் பிட்டை எடுத்து
அந்த ஓட்டைக்குள் விட்டார்.
ஆடவில்லை. இறுகவுமில்லை.
"குண்டு இவ்வளவு மரியாதையா துளைக்காது மேடம்.
அந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கும், சுரண்டிப் பாருங்க."
இருந்தது. புட்டி வைத்து அடைத்திருந்தது.
ஒலிபெருக்கிக்குக் கம்பி நட்ட இடம்.
முனிவெங்கடப்பாவுக்கு அன்றிரவு போன் செய்யவில்லை.
அவரும் யாரிடமோ
அந்தக் குண்டை விலைக்கு வாங்கியிருப்பார்.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன்.
படைப்பிரிவு நாட்குறிப்புகளின் நகல்கள்,
மங்கிய தட்டச்சு, தேதி, மலைப்பெயர்.
வீரம் வரும் என்று பக்கம் பக்கமாகத் தேடினால்
மழை.
மாவு வரவில்லை.
மழை.
இரண்டு ஜீப் ஆற்றோடு போயின.
எந்த இரண்டு என்று
ஓர் இடத்திலும் எழுதவில்லை.

போல்ட்டுகளைக் கழற்றும்போது பார்த்தேன்:
சிலவற்றின் தலையில் ஓர் எழுத்து,
அந்தக் கம்பெனியின் முத்திரை.
எண்ணினேன், அறுபத்தொன்று.
மீதி எல்லாம் மொட்டைத்தலை.
சட்டத்தின் முன்குழாயோ உருண்டை;
அது வேறு கம்பெனியின் வழக்கம்.
போர் முடிந்து ஏலம்விட்ட ஏதோ மைதானத்தில்
இரண்டு பிணத்தைக் கோத்து
ஒருவன் ஓர் உயிர் செய்திருக்கிறான்.
போருக்குப் போனது இதில் எது,
கிடங்கிலேயே துருப்பிடித்தது எது?
சட்டத்துக்கும் தெரியாது. போல்ட்டுக்கும் தெரியாது.

காவேரிப்பட்டணம் பக்கம்
யூனிட் எழுதப் போகும் மாந்தோப்பில் ஒரு நடுகல்.
வலக்கையில் வாள், மார்பில் அம்பு,
காலடியில் மாடுகள்.
அவனுக்குப் பெயர் வெட்டியிருக்கிறார்கள்,
மீட்ட மாடுகளுக்கு எண்ணிக்கை இல்லை.
என்னிடம் எண் மட்டும் இருக்கிறது.
தோப்புக்காரர் கல்லின் தோளில்
பம்புசெட் ஒயரைச் சுற்றிவைத்திருந்தார்.
எடுக்கச் சொன்னேன்.
"ஷாக் அடிக்குமா?" என்றார்.
"அடிக்கும்" என்றேன்.

ஆறு வோல்ட் பேட்டரி எங்கும் இல்லை.
"பன்னெண்டுக்கு மாத்திடலாம், எல்லாரும் மாத்துறாங்க."
மாட்டேன் என்றேன்.
நான்கு நாள் பேசாமல் இருந்தவர்
பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சின்
இரண்டு வோல்ட் செல் மூன்றைத்
தோளில் சுமந்து வந்தார்.

ஆனி மாதம், இரவு பதினொன்று.
இருமி, இருமி, பிடித்தது.
விளக்குப் போட்டேன்:
வடித்த வெந்தயத் தண்ணீர் நிறம்,
நான்கு முழத்துக்கு மேல் போகவில்லை.
"இந்த வெளிச்சத்துலயா சண்டை போட்டாங்க?"
"நாம பார்க்கறதுக்கு இல்ல மேடம் அது.
நம்மள யாரும் பார்க்காம இருக்கறதுக்கு."

மாங்கூழ் ஆலை வாசலில்
ஒரு கிலோமீட்டருக்கு லாரி வரிசை.
தார்ப்பாய்க்கடியில் பழம் புளிக்கும் வாடை.
எதிரே வந்த ஒருவன்
வெளிச்சத்தை அணைத்து அணைத்துப் போட்டு
உன் லைட் எரியவில்லை என்றான்.
எரிகிறது, போ.

டீக்கடையில் நிறுத்தினோம்.
கிளாஸ் எடுக்க வந்த பையன்
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
ஓட்டைக்குள் விரலை விட்டான்.
"குண்டாக்கா?"

"எலக்‌ஷன்" என்றேன்.

நம்பாமல் அந்தப் பக்கம் போய்
இன்னொன்றுக்குள்ளும்
விட்டுப் பார்த்தான்.